ஏழாம் பிளாக் பாயசம்

வேலையில் சேருவது சுலபம். முகம் கோணாமல் விலகி வருவதுதான் கஷ்டம். நான் அப்படி விலகி வந்தவள்தான். என்ன, கூடவே கொஞ்சம் ஏலக்காய் வாசனையும் வந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். ஜாசின் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் புது ஒட்டு மரங்களின் பாலைச் சோதிக்க ஒரு லாப் இருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற என்னை அங்கே வேலை பழகச் சேர்த்திருந்தார்கள். பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, காயவைத்து, எவ்வளவு ரப்பர் தேறுகிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். (தோசை சுடுவது இதைவிடக் கஷ்டம். ஆனால் தோசை சுட யார் வெள்ளைக் கோட்டு தருகிறார்கள்? அதைப் போட்டுக்கொண்டு தொழிலாளர் லயத்தில் நடந்தால் நான் யாருக்கும் ஒதுங்கமாட்டேன்.)

அலோர் காஜாவில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். என் இடத்துக்குத் தங்கை சரசுவை எடுத்துக்கொள்ளும்படி மேனேஜர் துரையிடம் கேட்டிருந்தேன். "கடைசி நாள் சொல்றேன்" என்றார். நான் நல்ல பெயரோடு போனால் அவளுக்கு லாப். இல்லாவிட்டால் விடிகாலையில் பால்வெட்டு.

நல்ல பெயருக்கு என்ன வழி? பாயசம்தான்.

ஆனால் லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி, லாப் அதற்கு வெளியே. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. பிடித்தால் ஜெயில். பால் டின்னைக்கூட, பதுக்கிவைக்க முடியாதபடி கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். கடைசி நாள் காலையில் அந்த டின் பாலில் சவ்வரிசியைக் கரையக் கரையக் காய்ச்சி, கழுவ எடுத்துவந்த இரண்டு லாப் பாட்டில்களில் ஊற்றினேன். பார்த்தால் அசல் ரப்பர் பால்.

"அக்கா, பாட்டில்ல ஏழாம் பிளாக்குனு சீட்டு ஒட்டியிருக்கே" என்றாள் சரசு.

"இருக்கட்டும்டி. அப்பத்தான் கேட்டுல நிக்கிற மாத்தா நம்புவான்."

மாத்தா என்றால் போலீஸ்காரன். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். "கெத்தா?" என்று மலாயில் கேட்டான், ரப்பர் பாலா என்று. "கெத்தா, துவான்" என்றேன். விட்டுவிட்டான். லயத்து வீட்டுக்குள் ரப்பர் மரம் ஏது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒரு பாட்டிலை லாப் மேசையில் வைத்தேன். இன்னொன்று பையில் இருந்தது. டம்ளர் கழுவப் பின்பக்கம் போனேன். கழுவி, துடைத்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு வந்தால், மேசையில் பாட்டில் இல்லை. லாப் முழுக்கக் கருகின சர்க்கரை வாசம்.

லாப் குமாஸ்தாவான கிராணி அடுப்புக்கு முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, ஏழாம் பிளாக்குல என்னா மரம் நட்டானுங்க? அமோனியா போடல போல, கட்டி கட்டியா இருந்துச்சு. ஆசிட் ஊத்துனா திரிஞ்சு போவுது, அடுப்புல வச்சா ஏலக்கா வாசன அடிக்குது."

அதற்குள் துரை வந்துவிட்டார். ஏழாம் பிளாக் அவர் தன் கையால் ஒட்டுக் கட்டின மரங்கள். தட்டில் இருந்ததைக் குச்சியால் குத்திப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"மரம் சீக்கு. எல்லாம் வெட்டிப் போடு" என்றார்.

வாயைத் திறந்தால் ஜெயில். திறக்காவிட்டால் ஒரு பிளாக் மரம் போகும். சரசுவின் வேலை இரண்டிலுமே போகும்போல இருந்தது.

"துரை, மரத்துக்கு ஒண்ணும் இல்ல. அது பாயசம்" என்றேன்.

"கேட் தாண்டிக் கொண்டாந்தியா?"

"ஆமா துரை. போறப்போ உங்களுக்குக் குடுக்கணும்னு."

கிராணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். துரை குச்சியைத் தட்டில் போட்டார். பிறகு, "வேற இருக்கா?" என்றார்.

பையிலிருந்த பாட்டிலை எடுத்தேன். பறிமுதல் செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மோந்து பார்த்தார். டம்ளரில் ஊற்றிக் குடித்தார். மறுபடி ஊற்றினார். அடியில் தங்கின சவ்வரிசியைக் கண்ணாடிக் குச்சியால் வழித்தார். சாட்சி முழுக்க அவர் வயிற்றுக்குள் போனதும் எனக்கு மூச்சு வந்தது.

"தங்கச்சி நாளைக்கு வரட்டும்" என்றார். "பாட்டில் எல்லாம் மோந்து பாத்துட்டு மேசைல வைக்கச் சொல்லு."

சரசு கல்யாணமாகிப் போகும்வரை அங்கேதான் இருந்தாள். கடைசிவரை கிராணி அவளைப் பாட்டில் பாட்டிலாக மோந்து பார்க்க வைத்தாராம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்தில் பாயசம் கொடுத்தால், டம்ளரைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஆசிட் ஊத்தியாச்சாக்கா, இல்ல இனிமேத்தானா?" என்பாள். பேரப்பிள்ளைகள் உட்பட எல்லாரும் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். துரை குச்சியால் வழித்துச் சாப்பிட்டதை மட்டும் அவள் சொல்லவே மாட்டாள்லா. அதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.