தோம்பர் நிறுத்திய கலியாணம்

மட்டக்களப்பு வாவிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் தோம்பர் கலைக்காத சம்பந்தம் ஒன்றுகூட இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்பார்கள். எங்கள் கந்தோரில் பதிவறைக் கிளாக்கராக இருந்தவருக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இடமாற்றக் கடிதம் வந்தபோதுதான் மனிதருக்கு வேறு பெயரும் உண்டென்று எங்களுக்குத் தெரிந்தது.

தேத்தண்ணிக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "மனே, உன்ட அம்மாட அம்மா சித்தாண்டி ஊரா?" என்று தொடங்குவார். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஏழு தலைமுறை ஓடிவிடும். எட்டாவதில் நிச்சயம் ஒரு மாட்டுக் களவு இருக்கும். அதனால் அவர் மேசையில் எப்போதும் இடம் கிடைக்கும்.

எனக்குச் செட்டிபாளையத்தில் சுபத்திரா என்ற பள்ளிக்கூட ரீச்சரைப் பேசி முடித்தார்கள். எங்கள் பக்கம் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வரும். ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை, கலியாணம் செய்யக்கூடாது. முகூர்த்தத்துக்கு நாலு மாதம் இருக்கையில், வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேட்டு நகலோடு தோம்பர் எங்கள் வீட்டுக்குள் பாய்ந்தார்.

"நிப்பாட்டுங்க கா! இவன்ட பூட்டியும் அந்தப் புள்ளட பூட்டியும் ஒரே குடி. காகிதம் பொய் சொல்லாது."

அம்மா அன்றே மண்டபக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றுவிட்டார். மாலையில் சுபத்திரா என்னை அழைத்தாள்.

"அண்ணா, சாப்பிட்டீங்களா?"

"விசர்க்கதை கதைக்காத. எனக்கு நெஞ்சு வெடிக்குது."

"எனக்கும்தான். ஏதாவது செய்யுங்க."

வழி சொன்னவரும் தோம்பர்தான். கனடாவிலிருந்த தன் மச்சான் மூலம் இரண்டு டி.என்.ஏ. பரிசோதனைக் குழாய்களை வரவழைத்தார். "இதில தாய்வழி தெரியும். துப்புங்க. ஆனா அதுக்கு முன்னம் அரை மணித்தியாலம் வாயில ஒண்டும் போடக்கூடாது" என்றார், வாய் நிறைய வெற்றிலையோடு. எதிரே காவலுக்கும் உட்கார்ந்துகொண்டார். நான் கொட்டாவி விட்டாலும், "வாயில என்ன இரிக்கு?" நிச்சயித்த பெண்ணோடு சேர்ந்து நான் செய்த முதல் காரியம் எச்சில் துப்பியதுதான்.

முடிவு வந்தது. இருவர் தாய்வழியும் வேறு வேறு. தோம்பர் பதிவேடுகளை மறுபடி துருவினார். வேற்றூரிலிருந்து வந்த, எங்கள் வழக்கம் தெரியாத அந்தக் காலத்துப் பதிவுகாரர், என் பூட்டிக்குத் தாயின் குடியை விட்டுத் தகப்பன் குடியை எழுதித் தொலைத்திருக்கிறார். அம்மா மகிழ்ச்சியில் குரவையிட்டார். தோம்பர் முகம் மட்டும் செத்த வீட்டு முகமாக இருந்தது.

"காகிதம் பொய் சொல்லிப்போட்டு, மனே."

அந்தப் பொய்யைச் செட்டிபாளையம் முழுக்கப் பரப்பியவர் அவர். மறுநாளே சைக்கிளை எடுத்தார். கொளுத்தும் வெயிலில் மூன்று நாள், வீடு வீடாக, "பிழை என்ட. அந்தப் புள்ளையில ஒரு குறையும் இல்ல" என்று சொல்லித் திரிந்தார். போன இடத்தில் புதிதாக இரண்டு சோடி அண்ணன் தங்கைகளையும் கண்டுபிடித்துவிட்டார், பழக்க தோஷம்.

நான்காம் நாள் எங்கள் வாசலில் நின்றார். அழைப்பில்லாமலே எல்லாக் கலியாண வீட்டிலும் நுழைகிறவர், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"கலியாணத்துக்கு நான் வரலாமா?"

நான் வாசலுக்கு இறங்கி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். மூன்று மாதமாகத் திட்டித் தீர்த்த அந்த மனிதர் வராமல் எனக்குக் கலியாணமே வேண்டாம் என்றுதான் தோன்றியது.