கெடாததைக் கழற்றுகிறவர்கள்

கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் சொல்ல வந்தது வேறு இனம்: கெடாததைக் கழற்றுகிறவர்கள். எங்கள் எண்ணூர்ப் பக்கம் இவர்கள் அதிகம். கடலிலிருந்து உப்புக்காற்றும் அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பலும் சேர்ந்து வந்து விழுகிற ஊரில் இரும்பை நம்பி யார் தூங்க முடியும்?

மாதிரிக்கு என் வீட்டுக்காரர் சுப்புராயனை எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக எடுத்துக்கொண்டாலும் ஆட்சேபம் இல்லை.

ராணுவத்தில் லாரிகளைப் பராமரித்தவர். லடாக் பனியில் டீசல் உறையும், ராஜஸ்தானில் எஞ்சினுக்குள் மணல் புகும், இரண்டு இடத்திலும் இவர் வண்டி வழியில் நின்றதே இல்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்ற பின், ராணுவம் ஏலத்தில் கழித்த பழைய லாரி ஒன்றில் தொட்டி கட்டி பக்கத்து நெட்டுக்குப்பத்துக்குத் தண்ணீர் ஓட்டினார்.

ராணுவத்தில் வாரம் ஒரு நாள் லாரிகளெல்லாம் வரிசையாக நின்று பானெட்டைத் திறந்து காட்ட வேண்டுமாம். மெயின்டனன்ஸ் பரேடு என்று பெயர். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை. லாரியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி உப்பை இறக்குவார், ஏர் கிளீனரில் சேர்ந்த சாம்பலை டீசலில் அலசுவார், பேட்டரி முனைகளுக்கு வாசலின் பூசுவார், ஒவ்வொரு டயரையும் தடவி ஆணி தேடுவார், கை ஓயாமல் அப்படியே உள்ளே வந்து குக்கர், மிக்சி, தையல் மெஷின் மூன்றையும் வரிசையில் நிறுத்தித் திறந்துபோடுவார். சோறு? பரேடு கலைந்த பிறகு.

"நல்லாத்தானே கீது, அத்த ஏன்யா கயட்ற?"

"நல்லா கீறப்பவே பாக்கணும் மே. நின்னப்பறம் பாத்தா அதுக்குப் பேரு ரிப்பேரு."

இந்தத் தத்துவம் வண்டிகளுக்கு மட்டும். அவருக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வீட்டுக்குள்ளும் செருப்பு போட வைத்தேன். உள்ளங்காலைத் தினமும் பார் என்றால், "எனக்கு இன்னா கொறைச்சல்? மிலிட்டரி பாடி மே" என்பார்.

ஒரு ஞாயிறு லாரியை முடித்துவிட்டு உள்ளே வந்தார். நடக்க நடக்கச் சிமென்ட் தரையில் டக், டக். அவர் நின்றால் சத்தமும் நின்றது. இதிலிருந்து அவர் கண்டுபிடித்தது: "ஃபேன் பேரிங்கு பூட்ச்சி மே."

ஃபேனை அணைத்து, ஸ்டூலில் ஏறினார். செருப்பின் அடி என் கண்ணுக்கு நேரே வந்தது. ஆணி. ரப்பரைத் துளைத்து ஏறியிருந்தது, ஓரமெல்லாம் ரத்தம். காலையெல்லாம் அதோடு நடந்திருக்கிறார். வலிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயம். ஆஸ்பத்திரி ஆயாவாக வேலை பார்த்த காலத்தில், இப்படி வலிக்காத புண்ணால் காலை இழந்தவர்களை நிறையத் துடைத்துவிட்டிருக்கிறேன்.

"எறங்குய்யா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இத்த மாட்டிட்டு வரேன் மே."

"கால எட்த்துட்டாங்கன்னா கிளட்ச்ச எதால மெறிப்ப?"

இறங்கினார்.

டாக்டர் புண்ணைக் கழுவி ஊசி போட்டு, உடனே வந்ததால் கால் தப்பியது என்றார். விடுவேனா? முன்கூட்டியே பார்த்துக்கொள்வதன் அவசியம் பற்றி வார்டு முழுவதற்கும் கேட்கும்படி சுப்புராயனுக்குப் பாடம் நடத்தினேன். தாங்க முடியாமல் நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றினாள்.

"கடைசியா எப்பம்மா பிரஷர் பாத்தீங்க?"

பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசாவில் தொடங்கித் தெருவுக்கே பிரஷர் பார்க்கிறவள் நான். என்னுடையதை எதற்குப் பார்ப்பது? "எனக்கு இன்னா கொறைச்சல்?" என்றேன். அது யாருடைய வசனம் என்று எனக்கே கேட்டது.

நர்ஸ் மறுபடி அளந்தாள். அளந்த கையோடு என்னைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தாள். சுப்புராயன் கட்டுப் போட்ட காலோடு என் பக்கம் திரும்பினார். ஓய்வு பெற்றதிலிருந்து அந்த முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

"இன்னா மே, இத்தினி நாளா இப்டியேவா ஓட்டிகினு இருந்த?"

படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். அவர் அவசியம் படிக்க வேண்டும் என்று பக்கத்தைக்கூட மடித்து வைத்திருப்பீர்கள். அறிகுறி அதுதான்.