கூடத்துக்குள் பால் வரக் கூடாது

அன்பில் குறைவில்லாத மாப்பிள்ளை ஜேக்கப் அவர்களுக்கு, மாமனார் ஞானராஜ் எழுதிக்கொண்டது. பாலக்கோட்டுக்கு மேற்கே இந்த ஊரில் நானும் உங்கள் அத்தை மதலேனம்மாளும் ஆண்டவர் கிருபையால் நலம். வீட்டு ஓடு மட்டும் ஒழுகுகிறது. அங்கே நீங்களும் ஆக்சிலியாவும் பேத்தி மோனிஷாவும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் "சரிங்க மாமா" என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

நேற்றுக் காலை ஒன்பதே கால் மணிக்கு, ஆற அமர யோசித்து, பெங்களூர் வருவதற்காகப் பெட்டியில் அடுக்கியிருந்த நான்கு வேட்டிகளையும் எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டேன். இதன் விளைவுகளை நான் அறியாதவன் அல்ல. என் கண் புரை ஆபரேஷனுக்கு நீங்கள் மூன்றாவது முறையாக நாள் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் பேசி, மனு எழுதி, கட்டிவரும் சமுதாயக் கூடம் வருகிற ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படுகிறது. புரை எங்கும் போய்விடாது.

கூடத்தின் அவசியத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரோட்டில் பந்தல் போட்டு நடந்த உங்கள் கல்யாணத்தில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே பந்திக்குள் ஒரு தக்காளி டிராக்டர் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூடத்துக்கு அஸ்திவாரக் கல் வைத்த அன்று நான் பந்திக்கு வாழை இலை வாங்கப் பாலக்கோடு போயிருந்தேன், திரும்புவதற்குள் வைத்துவிட்டார்கள். மேல்தளம் போட்ட அன்று பெங்களூரில் மோனிஷா பிறந்தாள். குழந்தையை நான் குறை சொல்லவில்லை. கூடம் கட்டும் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கூடத்தின் இரண்டு முக்கிய நிகழ்ச்சிகளையும் போட்டோவில்தான் பார்த்தவன் நான். மூன்றாவதை, எஞ்சியுள்ள கண்ணால், நேரில் பார்ப்பது என்று இருக்கிறேன்.

இதில் ஒரு சிறு சிக்கல், சங்கத்தின் மற்ற எட்டுப் பேரும் அதே முடிவில் இருக்கிறார்கள். ஒன்பது பேரும் விடிந்ததும் கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். பெயிண்டர் தீர்த்தகிரி ஒரு சுவரை முடித்து அடுத்த சுவருக்குப் போக வேண்டுமென்றால் எங்களை எழுப்ப வேண்டும். நாங்கள் எளிதில் எழுவதில்லை.

எனினும் முன்னேற்பாடு இல்லாமல் நாங்கள் உட்காரவில்லை. நம் ஊரில் நம்மைப் போன்ற வேதக்காரரானாலும் மற்றவரானாலும் புதுக் கட்டடத்தில் பால் பொங்கினால் குடிபோனதாகத்தான் அர்த்தம். பங்குச் சாமியார் மந்திரிப்பதும் ரிப்பன் வெட்டுவதும் அதற்கப்புறம். நம் தெருப் பெரியண்ணன் புது வீடு கட்டியபோது, வயரிங் வேலைக்கு வந்தவன் தன் கைக்குழந்தைக்காக அங்கே பால் காய்ச்சி, அது பொங்கி, மறுநாளே சொந்தபந்தமெல்லாம் தட்டுவரிசையோடு வந்து கதவில்லாத வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனது நீங்கள் அறிந்ததே. எனவே கூடத்துக்குள் ஒரு சொட்டுப் பாலும் வரக் கூடாது என்ற தீர்மானத்தை நானே எழுதி, நானே முன்மொழிந்து, ஒருமனதாக நிறைவேற்றினேன். தீர்த்தகிரி பத்தொன்பது நாளாகப் பாலில்லாத டீ குடிக்கிறான். நேற்று என்னிடம் வந்து, "ஏங்க, இந்தத் தண்ணி டீயக் குடிச்சுக் குடிச்சு ஏணி மேல நின்னா செவுரு ரெண்டாத் தெரியுதுங்க" என்றான். இரண்டுக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்.

இப்போது பாக்கி இருப்பது கல்வெட்டு ஒன்றுதான். தருமபுரியில் வெட்டித் தயாராக இருக்கிறது. யாராவது நேரில் பார்த்து எடுத்துப் போக வேண்டும் என்கிறார்கள். ஒன்பது பேரில் யாரும் நாற்காலியை விடத் தயாரில்லை. தலைவர் மாரியப்பன் தனக்கு முழங்கால் வலி என்றார். முந்தாநாள் வரை இல்லாத வலி. கடைசியில் சீட்டுக் குலுக்கினார். என் பெயர் வந்தது. மற்ற எட்டுச் சீட்டுகளையும் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் பார்க்கவில்லை.

நான் கலங்கவில்லை, மாப்பிள்ளை. கல் என் கையில் இருக்கும்வரை கூடத்தை எப்படித் திறப்பார்கள்? இன்று காலை எட்டரை பஸ்ஸில் போய், இக்கடிதத்தையும் அங்கேயே தபாலில் சேர்த்துவிட்டு, இரண்டு மணிக்குள் கல்லோடு நாற்காலியில் இருப்பேன். அதுவரை பால் விஷயத்தில் காவலுக்கு உங்கள் அத்தையை நியமித்திருக்கிறேன். "ஒழுகற வூட்டப் பாக்க ஆளில்ல, ஊருக் கூடத்துக்குக் காவலு. போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று முழு மனதோடு ஏற்றுக்கொண்டாள்.

ஆகவே ஆபரேஷன் நாளைத் தள்ளி வைக்கவும். டாக்டர் கோபித்தால் சமுதாயக் காரணம் என்று சொல்லவும். ஞாயிற்றுக்கிழமை மூவரும் அவசியம் வந்து, டிராக்டர் வராத பந்தியில் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட்டுப் போகவும். மாதா உங்கள் மூவரையும் தன் பார்வையில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
ஞானராஜ் (செயலாளர்)

பின்குறிப்பு: கல் நன்றாக வந்திருக்கிறது. 'முன்னிலை: ஞானராஜ்' என்ற வரி கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. பதினொன்றரைக்கு உங்கள் அத்தை போன் செய்தாள். தீர்த்தகிரி ஏணியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டானாம். "மனுசனுக்குக் கண்ணு சொருகிப் போச்சுங்க. கூடத்துலயே அடுப்பு மூட்டி ஒரு டம்ளர் பால்தான் வெச்சேன், அவனுக்கு விசிறிட்டுத் திரும்பறதுக்குள்ள பொங்கிருச்சு" என்றாள். எட்டுப் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். மாரியப்பன் முழங்கால் வலியோடு ஓடிப் போய்ச் சர்க்கரை வாங்கி வந்தாராம். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆபரேஷன் நாளை மாற்ற வேண்டாம். இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. இரவு நேரில் தருகிறேன். பெங்களூர் பஸ்ஸில் இடம் கிடைத்துவிட்டது. மாற்று வேட்டி கொண்டுவரவில்லை. கல்லுக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கிறார்.