ஈரம் ஆகாத மாப்பிள்ளை

ஆராய்ச்சி மாணவனைப் போல அலட்டுகிற ஜீவன் உலகத்தில் வேறில்லை. நானே அதற்குச் சாட்சி.

மட்கிப் போகும் பிளாஸ்டிக் செய்வது என் ஆராய்ச்சி. ஒரு வெள்ளைத் தூளை உருக்கி, துத்தநாகம் சேர்ந்த வினையூக்கியைக் கொஞ்சம் விட்டால், அது மூலக்கூறுகளை நீளநீளமாகக் கோத்துப் பிளாஸ்டிக் ஆக்கிவிடும். ஆனால் ஈரம் ஆகாது. பட்டால் கோத்தது பாதியில் அறுந்துவிடும். லேபில் யாராவது குடுவைப் பக்கம் மூச்சு விட்டாலே கத்துவேன்.

குலசேகரத்தில் பெண் பார்க்கப் போனபோது இதையெல்லாம் விரிவாக முழங்கினேன். பெண்ணின் அப்பா ரப்பர் வியாபாரி. "பிளாஸ்டிக்கா? ரோட்டுல கெடக்கது போராதா தம்பி?" என்றார். கணக்கு டீச்சரான ஷீபா கதவருகே நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் புத்தி பேதலித்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க அடுக்களையிலயே செஞ்சு காட்டுகேன் மாமா" என்றேன். (அதற்குள் மாமா!)

"காட்டுங்க. பிறகு கல்யாணம் பேசலாம்" என்றார்.

ஓவனில் இரவெல்லாம் காயவைத்து மூடிய காலிக் குடுவையைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அதை அடுக்களையில் வைத்துவிட்டு முன்னறையில் மாமாவுக்கு அடுத்த சொற்பொழிவைத் தொடங்கினேன். வெளியிலிருந்து வந்த பாத்திரத்தைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஷீபாவின் அம்மா குடுவையைப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நீட்டினார்.

"நல்லா கழுவியிருக்கேன் மக்கா."

'இன்றைக்கு நடக்காது அத்தை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சாரமில்ல அத்தை, பரவாயில்ல" என்று குழைந்து, கைக்குட்டையால் துடைத்தேன். வெட்கங்கெட்டவன்.

தூளையும் வினையூக்கியையும் போட்டு, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் குடுவையை வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்து வீட்டார்கூட வந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது பாகாகவே இருந்தது. மாமா கரண்டியில் கோரித் தூக்கினார். ஒழுகியது.

"ரப்பர் பாலுல காலையில ஆசிட் விட்டா உச்சைக்கு உறைஞ்சிரும். இது ஒட்டுப்பாலுக்குக்கூட ஆவாது தம்பி."

(மரத்தில் வழிந்து காய்ந்த கழிவுதான் ஒட்டுப்பால். என் ஆறு வருடப் படிப்பு அதற்கும் கீழே.)

கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அப்போது ஷீபா, "அம்மை அதைக் கழுவினாள்லா? ஈரம் ஆவாதுன்னு இவரு போன வாரமே சொன்னாரே" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். "பிறகு ஏன் வாயத் தொறந்து மிண்டாம இருந்திய?"

"அத்தை சங்கடப்படுவாவளேன்னு..."

மாமா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "இவரு போரும் பிள்ளே. ஒங்க அம்மையை எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு!"

ஆக, எனக்குப் பெண் கிடைத்தது அறிவியலால் அல்ல, கோழைத்தனத்தால்.

இன்றும் மாமியார் வீட்டு விருந்தில் எல்லோருக்கும் டம்ளர் ஈரத்தோடு வரும். எனக்கு மட்டும் அத்தை முந்தானையால் மூன்று முறை துடைத்துத் தருவார். புதிதாக வந்தவர்கள் முழித்தால் மாமா விளக்குவார்.

"மாப்பிள்ளைக்கு ஈரம் ஆவாது. பட்டா உறைய மாட்டாரு."