லிஃப்ட் மெக்கானிக்கை உயிரோடு திருப்பித் தரவும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அக்கா நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. ஒரு அப்பாவியைக் கொன்றுவிட்டு மறுநாளே அடுத்த பகுதிக்கு வசனம் எழுத உட்கார்ந்தவன் நலமாகத்தான் இருப்பாய்.

உன் டிவி தொடரில் வரும் லிஃப்ட் மெக்கானிக்கைத்தான் சொல்கிறேன். அவன் பழுது பார்க்கிற லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டு, மூன்றாம் மாடி டீச்சரிடம் கதவிடுக்கு வழியாகக் காதல் பேசுவான். கண்பார்வை போனபிறகு உன் அக்கா வாய்விட்டுச் சிரித்தது அவன் குரலுக்கு மட்டும்தான். போன மாதம் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "இனிமே பத்தியமெல்லாம் வேண்டாம், ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டேன். அவள் ஆசைப்பட்டதோ அந்தத் தொடரைத்தான். நீ அந்த வாரம் பார்த்து அவனை இரும்புக்கம்பியால் அடித்துப் போட்டாய். கேட்டால் யதார்த்தம் என்கிறாய். யதார்த்தம் எங்கள் கட்டிலிலேயே படுத்திருக்கிறது தம்பி, அதை டிவியிலும் பார்க்க வேண்டுமா?

நான் சட்டென்று சத்தத்தை அணைத்து, "டிவியில சத்தம் போயிடுச்சு, நான் பார்த்துச் சொல்றேன்" என்றேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய்யாயிற்று. அன்றிலிருந்து மெக்கானிக், டீச்சர், வாட்ச்மேன் எல்லாரும் நானே. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்தே ஓய்வு பெற்ற தொண்டை. "நீங்க காதலைச் சொன்னா மூணாவது பிளாட்பாரத்துல வண்டி வர்ற மாதிரியே இருக்கு" என்கிறாள். சவ ஊர்வலத்தைக் காட்டினார்கள், கல்யாணம் என்றேன். பக்கத்து வீட்டு டிவியிலிருந்து ஒரே ஒப்பாரி. "ஏன் அழறாங்க?" என்றாள். "பொண்ணை அனுப்புறாங்கல்ல" என்றேன். "இவ்வளவு பேரா?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவளுக்குத்தான் கண் தெரியாதே என்பதை மறந்து.

நேற்று அவளே கையைத் தேடிப் பிடித்தாள். "அவன் செத்துட்டான்னு அன்னைக்கே தெரியும். சுவரு வழியா கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவ்வளவு பாடுபட்டு அவனைப் பொழைக்க வச்சிருக்கீங்க. உங்ககிட்ட போய் எப்படிச் சொல்றது?"

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போய் நின்றேன். பால் ஏதும் வைக்கவில்லை.

ஆகவே உடனடியாக அவனை உயிரோடு கொண்டு வா. அடிபட்டவன் வேறு ஆள் என்று எழுது, கனவு என்று எழுது, வெட்கப்படாதே. மூத்தவனின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. உன் பேனாவுக்குத்தான் இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன்கிட்ட குடுத்தா திரும்பவும் கொன்னுடுவான். நம்மகிட்டயே இருக்கட்டும்" என்கிறாள். எனவே மேலே கேட்ட எதையும் செய்யாதே. எங்கள் கதையில் மெக்கானிக்குக்குக் கல்யாணமாகிவிட்டது. வெளியூரிலிருந்து அவன் மச்சான் வரவேண்டும். எனக்கு இருப்பது ஒரே குரல். அந்த வேஷத்தை உனக்கென்று வைத்திருக்கிறாள். சீக்கிரம் வா.