சுவிட்சைத் தொடாதீர்கள்

“டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தறதுக்கு நாலு வருசம் காலேஜு எதுக்குக் கண்ணு?”

கேட்டவர் என் தாய்மாமா. ஊர் ஊராகப் போய் போர் போடும் ரிக் வண்டிக்கு முதலாளி. நான் கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங் முடித்துவிட்டு ஆட்டையாம்பட்டியில் வீட்டோடு இருந்த சமயம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் தலை எந்நேரமும் கூரையில் இடித்துக்கொண்டிருக்கும். (கூரையும் கொஞ்சம் தாழ்வுதான்.) சேலத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று நான் வாயைத் திறந்தால் போதும், “எதுக்கு அலையோணும்? பேசாம ஊட்லயே இருக்கட்டும்” என்று அப்பாவிடம் ஓதிவிட்டுப் போவார் மாமா. அப்பாவும் தலையாட்டிவிடுவார்.

மாமாவுக்கு ஒரே ஒரு பலவீனம், வீடியோ கேம். ரிக் வண்டி ஓய்ந்து நிற்கும் நாட்களில், அவ்வளவு பெரிய மீசை வைத்த மனிதர் டி.வி. முன் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவார். திரையில் வளைவு வந்தால் உடம்பும் கூடவே வளையும். அந்த கேம் பெட்டி ரொம்பக் கறாரானது. தயாரித்த கம்பெனி அனுமதித்த விளையாட்டு மட்டும்தான் அதில் ஓடும். நாமாக எழுதிய எதையும் உள்ளே விடாது. அந்தப் பூட்டைத் திறக்கும் வழியை இணையத்தில் யாரோ படிப்படியாக எழுதி வைத்திருந்தார்கள். என்னிடமும் சொந்தமாக எழுதிய விளையாட்டு ஒன்று இருந்தது. திரையில் தறி ஓடும். திடீரென்று ஓர் இழை அறும். உடனே பட்டனை அமுக்கித் தறியை நிறுத்த வேண்டும். (விசைத்தறிக்காரர் மகள் வேறு எதை எழுதுவாள்?)

“உங்க பொட்டியில என் கேமை ஓட்டிக் காட்டறேனுங்க மாமா. ஓடுச்சுன்னா என்னை வேலைக்கு அனுப்பச் சொல்லி நீங்களே அப்பாகிட்டச் சொல்லோணும்.”

“ஓடலீன்னா?”

“ஓடுமுங்க.”

முந்தின வாரமே அவர் வீட்டுக்குப் போய், பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் ஒரு சின்ன கார்டில் காப்பி எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்ற பிறகு, மாமா பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். “நடுவுல கரண்டு போச்சுன்னா பொட்டி செத்துரும். ஆரும் சுவிட்சுப் பக்கமே வரக் கூடாது.” அப்பாவைக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வைத்தேன். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்தேன். சுவிட்சுக்கு மேலே ‘சுவிட்சைத் தொடாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். (எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.)

வேலை ஆரம்பித்தது. ‘நடுவில் திரையில் கோடு கோடாக வரும். பயப்படாமல் காத்திருக்கவும்’ என்று அந்த வழிமுறையில் இருந்தது. எனக்கு அது மனப்பாடம்.

சொன்னபடியே கோடுகள் வந்தன. கறுப்புத் திரையில் மேலிருந்து கீழாக, நெருக்கமாக, வெள்ளை வெள்ளையாக, தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டியது போலவே. பார்த்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு கோடு மட்டும் பொசுக்கென்று காணாமல் போனது.

நடக்கப் பழகிய நாளிலிருந்து தறிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இழை அறுந்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். மூளைக்கு அப்புறம்தான் தகவல் வரும்.

டப்.

திரை இருண்டது. ஓரத்தில் அப்பா இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

“என்ன கண்ணு ஆச்சு?” என்றார் மாமா.

“இழை அறுந்துருச்சுங்க மாமா.”

அம்மாவுக்கு மட்டும் முகமெல்லாம் பெருமை. “அறுந்தா நிறுத்தத்தான வேணும்? எம்புள்ள சரியாத்தான் பண்ணியிருக்கறா.”

மறுபடி போட்டால் பெட்டி எழுந்திருக்கவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. மாமா அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்பா மெதுவாக, “உசுரு இருக்குதா மாப்ள?” என்றார். மாமா பெட்டியை மறுபடி துண்டில் சுற்றினார். என் வேலையும் அந்தப் பெட்டியோடு சேர்ந்து படுத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். மாமா பைக் ஓட்ட, பின்னால் மடியில் பெட்டியுடன் நான். வளைவுகளில்கூட உடம்பை வளைக்காமல் விறைப்பாக ஓட்டினார்.

கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: “நடுவுல யாருங்க இதை நிறுத்துனது?”

மாமாவின் விரல் என் பக்கம் நீண்டது.

“பழசைக் காப்பி எதாவது எடுத்து வெச்சிருக்கியாம்மா?”

பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “செத்த பொட்டியைத் தூக்கிட்டுத் தினமும் ஆள் வர்றாங்க. காப்பியோட வந்தது நீதான். எங்கம்மா வேலை பாக்கற?”

“எங்கயும் இல்லீங்க.”

“இங்க வர்றியா?”

சாயங்காலம் பெட்டி உயிர் பெற்றது. அதில் தன் கார் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாமா வாயைத் திறந்தார். “கூட்டிக்குங்க. அவங்கப்பங்கிட்ட நான் சொல்லிக்கறேன். சுவிட்சு மட்டும் இவ கைக்கு எட்டாமப் பாத்துக்குங்க.”

ஒன்றே ஒன்றுதான் திரும்பி வரவில்லை. நான் காப்பி எடுத்த பிறகு அந்த வாரத்தில் மாமா கார் ரேஸ் விளையாட்டில் ஜெயித்த ஒரு கோப்பை. அதற்கு இன்றுவரை துக்கம் அனுசரிக்கிறார். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடினாலும் சரி, வீட்டில் கிரைண்டர் ஓடினாலும் சரி, சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பி என் கைகளைத்தான் பார்ப்பார்கள். “கேமு பொட்டிக்குள்ள ஏறறதுக்கு முன்னாடியே விளையாண்டு முடிச்சுட்டா எங்க புள்ள” என்று புது ஆட்களுக்கு மாமா விளக்கம் சொல்வார்.

இந்த மாதம் என் சம்பளத்தில் பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கினேன். என் சொந்தப் பெட்டி. இன்று ஞாயிறு. அதே அறை, அதே டி.வி., அதே வழிமுறை. மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா, யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். கைகளுக்கு வேறு வேலை கொடுக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திரையில் கோடுகள் வந்துவிட்டன. இதோ, நடுவில் ஒன்று மறைந்தது.

“அறுந்துருச்சு சாமி, நிறுத்து, நிறுத்து!” என்கிறாள் அம்மா.

நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.