சத்தியரின் கார் குடித்த சாராயம்

உலகத்திலேயே சாராயத்தை ஆகக் கூடுதலாக வெறுத்த மனிசனும், வேலணைத் தவறணையில் ஆகக் கூடுதலாகச் சாராயம் வாங்கின மனிசனும் ஒரே ஆள்தான். அவர் சத்தியர். தாய் தகப்பன் வைத்த பேர் என்னவோ, அவருடைய வீட்டுச் சாய்ப்பறையில் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்த எனக்கே தெரியாது. யாரைக் கண்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிக் குடிக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணும்" என்று நிற்பார். பண்ணாமல் கை திரும்பி வராது. சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவன் சத்தியத்தை முடித்துவிட்டுத்தான் கத்தரிக்காயைத் தொடலாம். நான் விஞ்ஞான வாத்தியாராக அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அறை கேட்டபோது, என்னிடமும் வாங்கினார். அதுவரை வாயிலே வைத்தே அறியாத ஒரு சாமானை அன்றைக்குக் கைவிட்டேன்.

சத்தியரிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. காலையில் சரவணைச் சந்தியில் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போகும், பின்னேரம் ஒன்பது பேரோடு திரும்பும். எழுபதுகளின் நடுவில் பெற்றோல் விலை ஏறின ஏற்றத்தில் ஊரிலிருந்த வாடகைக் கார்கள் எல்லாம் மாமரத்துக்குக் கீழே படுத்துவிட்டன. சத்தியர் படுக்கவில்லை. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கையில் நீல நெருப்பு எரியும் ஒரு கரண்டியோடு அறைக்குள்ளே வந்தார்.

"வாத்தியார், பாரும்! தண்ணி விடாத கடுஞ்சாராயம். எப்பிடி எரியுது!"

"சாராயம் எரியுந்தானே அண்ணை. முதல்ல உந்தக் கரண்டியை வெளியிலை கொண்டு போங்கோ, கூரை ஓலை."

"எரியுமெண்டால் காரும் ஓடும். கார் குடிச்சால் மனிசன் குடிக்க ஏலாது. ஊரிலை உள்ள சரக்கு முழுக்க வேண்டி எரிச்சுத் துலைக்கப் போறன்!"

"தவறணைக்காரன் இன்னும் கூட எடுப்பிப்பான்."

"எடுப்பிக்கட்டும். நான் இன்னும் கூட ஓடுவன்."

நான் சோற்றுக் கோப்பையை நெருப்புக்கு எட்டத் தள்ளி வைத்தேன்.

விசர் என்று ஊர் சிரித்தது. ஆனால் விசருக்குள்ளே இருந்த விஷயம் எனக்குத் தெரியும். அது அவருடைய தம்பி இராசு. பட்டணத்துக் கராஜ் ஒன்றில் கெட்டிக்கார மெக்கானிக்காக இருந்தவன். குடியால் வேலை போய், தமையன் வீட்டோடு வந்து கிடந்தான். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி டொக்டர் சத்தியரைக் கூப்பிட்டு, "ஈரல் பழுதாய்ப் போட்டுது. இனியும் குடிச்சால் உவரை என்னட்டைக் கொண்டு வராதேங்கோ" என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்கச் சத்தியம் பண்ணியாயிற்று. பண்ணாத ஒரே ஆள் சொந்தத் தம்பி. கேட்டால், "உங்களுக்குப் பொய்ச்சத்தியம் பண்ண எனக்கு மனமில்லை அண்ணை" என்பான். அந்த ஒரு மறுமொழி சத்தியரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தம்பி நிறுத்தமாட்டான், ஆகவே அவனுக்குக் கிடைக்கிற சாராயத்தை நிறுத்தவேண்டும். அவருடைய முழுத் திட்டமும் அவ்வளவுதான்.

வாங்குகிற சாராயம் வீட்டுக்குள்ளே சாராயமாக வரக்கூடாது என்பதிலும் குறியாக இருந்தார். தவறணை வாசலுக்குப் பெற்றோல் ரின்னோடு போவார். காசைக் கொடுத்து, அந்த இடத்திலேயே மூடியைத் திறந்து, பாதிக்குப் பாதி பெற்றோல் ஊற்றுவார். உள்ளே இருந்த குடிமக்கள் பனையோலைப் பிளாவைக் கீழே வைத்துவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டார்கள்.

"ஐயோ சத்தியர், பாவம் பிடிக்கும்!"

"பிடிக்கட்டும். இண்டைக்கு இவ்வளவும் உங்கட குடலுக்குத் தப்பிச்சுது."

ஆனால் கார் மசியவில்லை. இருமும், உதறும், நிற்கும். இராசு முற்றத்துப் பூவரசுக்குக் கீழே படுத்திருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். நல்ல மெக்கானிக்குக்கு எஞ்சின் இருமுகிற சத்தம் காதில் முள்ளுக் குத்தின மாதிரி. மூன்றாம் நாள் தாங்க ஏலாமல் எழும்பி வந்தான்.

"அண்ணை, காபரேற்றரிலை உந்தத் துளை காணாது. பெற்றோலை விடச் சாராயம் கூடப் போகவேணும்."

"எவ்வளவு கூட?"

"என்னைப் பார்த்துத் தெரியேல்லையே?"

துளையைப் பெருப்பிக்க உட்கார்ந்தான். கை நடுங்கி இரண்டு ஊசித் துறப்பணம் முறிந்தது. மூன்றாவதை எடுக்காமல் எழும்பிப் போனான். அடுத்த நாள் காலமை வெறும் தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, ஒரே முறையில் துளைத்து முடித்தான். சத்தியர் குசினிக்குள்ளே போய் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தார். பின்னேரம் இராசு குடிக்கப் போய்விட்டான் என்பது வேறு கதை.

துளை பெருத்த பிறகு ஓடின முதல் ஓட்டத்துக்கு என்னையும் ஏற்றினார். மண்டைதீவுச் சந்தி மட்டும் கார் நன்றாகத்தான் போனது. பண்ணைப் பாலத்தின் நடுவில், இரண்டு பக்கமும் கடல், செத்த மாடு மாதிரி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். தள்ளத் தள்ளக் கார் தவறணை மணத்தை எங்கள் முகத்தில் ஊதியது. ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனபோது அதிபர் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து, மூக்கைச் சுருக்கி, "தம்பி, காலமையிலேயோ?" என்றார். "நான் இல்லை சேர், கார்" என்றேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

கலவையை ஒரு போத்தலில் ஊற்றிப் பார்த்தேன். மேலே பெற்றோல், கீழே வேறொன்று, தாயும் பிள்ளையும் கோபம் போட்டது மாதிரி இரண்டும் பிரிந்து நின்றன.

"சாராயத்திலை தண்ணி இருக்கு அண்ணை. தண்ணி நிண்டால் பெற்றோலோடை சேராது. தண்ணி தெளிச்சு நீத்தாத சுண்ணாம்புக் கல்லைப் போட்டால் தண்ணியை உறிஞ்சும்" என்று என் வாய் சும்மா கிடக்காமல் சொல்லிவிட்டது.

தீவுப்பகுதியில் சுண்ணாம்புச் சூளைக்கா பஞ்சம்? அன்று பின்னேரமே இரண்டு ஓலைக் கடகம் கல் சூடாறாமல் வந்து இறங்கியது. வீட்டுக் கொட்டிலில் பெரிய பீங்கான் சாடி வைத்து, கடுஞ்சாராயத்தை நிரப்பி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். சாடி கொதித்தது. ஈரச் சாக்குச் சுற்றி, பக்கத்தில் சுருட்டு, விளக்கு ஒன்றும் வராமல் பார்க்கவேண்டும். நாலைந்து நாள் அப்படிக் கிடக்கவேண்டும். பெற்றோலைச் சேர்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான்.

அப்போதுதான் சத்தியருக்கு விஷயம் விளங்கியது. நாலைந்து நாளுக்கு, ஒரு துளி பெற்றோல் கலக்காத தனிச் சாராயம், இராசு இருக்கிற வளவுக்குள்ளே! ஒரு பொல்லை எடுத்துக்கொண்டு சாடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். சோறும் அங்கேதான். இதற்குள் தவறணையில் போய், "வாற கிழமை பண்ணைப் பாலத்தைச் சாராயத்திலை கடப்பன்" என்று சொல்லியும்விட்டார்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை காலமை ஆள் வந்தது. நெடுந்தீவில் மாமியார் செத்துப்போனார். மனைவி முன்பே காலமாகிவிட்டார், மருமகனாகக் கட்டாயம் போய்த்தான் ஆகவேண்டும்.

"அண்ணை, பெற்றோலை ஊத்திப்போட்டுப் போங்கோ. கார் ஓடாட்டிப் பரவாயில்லை" என்றேன்.

பெற்றோல் ரின்னைத் தூக்கினார். சாடிக்கு மேலே சரித்தார். முற்றத்தில் இராசு பேசாமல் தமையனையே பார்த்துக்கொண்டு நின்றான். ரின் கீழே இறங்கியது.

"டேய், சுண்ணாம்பு இன்னும் ஒரு கடகம் கிடக்கு. நாளைக்கும் போடவேணும். உனக்குத்தானே இந்த எஞ்சின் தெரியும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் குறிகட்டுவான் துறைக்குப் பஸ் ஏறினார்.

அவர் அக்கரை போய் இறங்கின அன்றே கடல் கொதித்தது. வள்ளம் ஓடவில்லை. நெடுந்தீவுத் துறையில் ஒரு மனிசன் விடிந்ததிலிருந்து பொழுதுபடுமட்டும் கடலை ஏசிக்கொண்டு நின்றதாகப் பிறகு வந்தவர்கள் சொன்னார்கள்.

இங்கே இராசு சாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். சேக்காளிகள் வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்தார்கள்.

"மச்சான், ஒரு சிரட்டை. ஒரே ஒரு சிரட்டை!"

"போங்கோடா! உது கார்ச் சாமான்!"

"உன்ரை ஈரலுக்குப் பழக்கமான சாமான்தானேயடா!"

ஒரு சுண்ணாம்புக் கல் வேலியைத் தாண்டிப் பறந்தது. சிரிப்பு நின்றது. ஆனால் இராசுவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. வேர்த்து ஊற்றியது, வாய் உலர்ந்தது. "வாத்தியார், ஏதாவது கதையும். பாடமெண்டாலும் பரவாயில்லை" என்றான். எட்டாம் வகுப்பு விஞ்ஞானம் முழுவதையும் அந்தக் கொட்டில் வாசலில் படிப்பித்தேன். ஒளித்தெறிப்பு, காந்தம், தவளையின் சீவிய வட்டம். நல்ல மாணவன். கேள்விகள் மட்டும் எங்கே தொடங்கினாலும் சாராயத்தில் போய் முடிந்தன. ஒருமுறை நான் கிணற்றடியிலிருந்து வந்தபோது சாடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"சூடு பார்த்தனான்" என்றான். இருக்கலாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு பகலில் நான் வீட்டில் இல்லை. ஆகவே எனக்கும் நிச்சயமில்லை.

கடல் அடங்கி, செவ்வாய்க்கிழமை பின்னேரம் சத்தியர் வந்து சேர்ந்தார். தவறணைக் கூட்டம் முழுக்க அவருக்கு முன்னாலே வீட்டுப் படலை வாசலில் நின்றது. கொட்டிலுக்குள்ளே போய்ச் சாக்கை விலக்கினார். போகும்போது கரியால் போட்ட கோட்டுக்கு நாலு விரல் கீழே கிடந்தது சாராயம்.

"ஆஹா!" என்றது கூட்டம். "சத்தியர், ஊரிட்டை எல்லாம் சத்தியம் வேண்டினீர். இப்ப உம்மடை தம்பியிட்டை வேண்டும் பாப்பம்! சத்தியம் பண்ணட்டும்!"

"அது சுண்ணாம்பு குடிச்சது! கல்லுக்குள்ளை ஊறியிருக்கும்!" என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? சிரிப்புத்தான் கூடியது.

இராசு முன்னுக்கு வந்தான். நாலு நாளில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. "நான் தொடேல்லை அண்ணை" என்று சொல்லி, வாழ்க்கையில் முதல்முறையாக, தானாகவே வலது கையை நீட்டினான்.

எத்தனை வருஷம் அவர் காத்திருந்த கை! சத்தியர் அதை எட்டிப் பிடித்தார். விரலிடுக்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தன் பெருவிரலால் துடைத்துவிட்டார்.

"சத்தியம் என்னத்துக்கடா? நீ சொன்னால் காணும்" என்றார். பிறகு மடியிலிருந்த கார்த் திறப்பை எடுத்து அந்தக் கைக்குள்ளே வைத்து மூடினார். "வடிச்சுக் கலந்து ஊத்து. நீதான் ஓட்டிறாய்."

படலையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

பெற்றோலும் சாராயமும் இந்த முறை பிரியவில்லை. எஞ்சினைப் பச்சைப் பெற்றோலில் எழுப்பி, சூடேறினதும் கலவைக்கு மாற்றினான் இராசு. பின்னாலே என்னோடு சாட்சிக்கென்று தவறணையிலிருந்து இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். மண்டைதீவு தாண்டியது. பண்ணைப் பாலம் வந்தது. பாலத்தின் நடுவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கார் இருமவில்லை. சாட்சிக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர், "என்ன அநியாயமப்பா, இவ்வளவு நல்ல சாமான்!" என்று கண்ணைத் துடைத்தார்.

ஆறு மாதம் அப்படி ஓடியிருக்கும். பிறகு மதுவரி இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்து சாடியை எடுத்துப்போனார்கள். கார் மறுபடி பெற்றோலுக்கே வந்தது. இராசு மறுபடி சாராயத்துக்குப் போகவில்லை. சந்தியில் சின்னதாக ஒரு கராஜ் போட்டான். நான் மாற்றலாகிப் போன பிறகும் தமையனும் தம்பியும் ஒரே வளவில்தான் இருந்தார்கள், சண்டையும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்றைக்குப் பாலத்தில் நாங்கள் எல்லோரும் றோட்டையும் கடலையும் பார்த்துக்கொண்டிருக்க, சத்தியர் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த தம்பியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். கை நடுங்கவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை, அதை ஒரு குறையாக நான் நினைத்ததுமில்லை. பின் சீற்றில், சாராய மணத்துக்குள்ளே நெருங்கி உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த விசர் மனிசனுக்குத் தம்பியாகப் பிறந்திருக்கலாமே என்று ஆசையாக இருந்தது.